செம்பின் விளிம்பு: கூஜா சேகரிப்பும் ஊற்றும் கையின் வரலாறும்

பழைய கூஜாவுக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. சீசனுக்குக் குற்றாலம் வருகிறவர்கள் தங்குகிற விடுதிகளின் வரவேற்பறைகளில் அண்டாவும் உருளியும் வந்து உட்கார்ந்து கொஞ்ச காலமாயிற்று. உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூவை மிதக்கவிடுகிறார்கள். இப்போது அந்த வரிசையில் கூஜா, கெண்டி, மூக்கு வைத்த செம்பு, எனாமல் ஜக்கு, அறுபதுகளின் எவர்சில்வர் ஜக்கு எல்லாம் சேர்ந்துகொண்டிருக்கின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பேரம் பேசி வாங்கியது, தென்காசியில் பழைய பாத்திரக் கடையில் எடைக்கு எடுத்தது என்று நண்பர்கள் காட்டுகிறார்கள். வின்டேஜ் என்கிறார்கள், மாடர்னிஸ்ட் டிசைன் என்கிறார்கள். அலமாரிக்குள் சின்ன விளக்கு எரிகிறது. யாரும் அதில் தண்ணீர் ஊற்றிக் குடிப்பதில்லை.

இதைக் கேலி செய்வது என் நோக்கமல்ல. நல்ல வடிவம் கண்ணுக்கு இதமானது, அதை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் குற்றமொன்றும் கிடையாது. தண்ணீர் ஊற்றுவதற்கென்று செய்த ஒரு பொருளிலிருந்து ஊற்றுகிற செயலைக் கழித்துவிட்டால் எஞ்சுவது தூய வடிவம் என்று அழகியல் சொல்கிறது. நம்முடைய சமூகத்தில் அப்படிக் கழிக்கும்போது கூடவே இன்னொன்றும் கழிந்துபோகிறது. யார் யாருக்கு ஊற்றினார்கள், எவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றினார்கள், ஊற்றப்பட்டவர் எதில் ஏந்திக் குடித்தார் என்கிற கணக்கு அது. இக்கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது.

நம் வட்டாரப் பாத்திரங்களைச் சேகரித்தவர்களில் முன்னோடி என்று ஒருவரைச் சொல்வதென்றால் அவர் ஒரு ஜெர்மானியர். பெயர் யாகோர். 1876இல் ஆதிச்சநல்லூர்த் தாழிக்காட்டைத் தோண்டி, கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ வந்து 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் தோண்டினார். பறவையும் விலங்கும் உச்சியில் நிற்கிற வெண்கல மூடிகள் உட்பட அவர் எடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. செத்தவர்களோடு மண்ணுக்குள் வைத்த பாத்திரம் கண்ணாடிப் பெட்டிக்குள் வந்ததும் கலைப்பொருளாயிற்று. இன்று ஒரு கூஜா அடுக்களையிலிருந்து வரவேற்பறைக்கு நகர்வதும் ஏறக்குறைய இதே பயணந்தான், தூரம் மட்டும் குறைவு.

ஜெர்மானியர்களுக்குக் குடுவைமேல் தத்துவார்த்தமாகவே ஒரு மோகம் உண்டு போலும். ஜியார்க் சிம்மல் 1911இல் வெளிவந்த தன் தொகுப்பில் கைப்பிடியைப் பற்றி மட்டும் ஒரு தனிக் கட்டுரை எழுதினார். குடுவை கலைப்பொருள் என்ற அளவில் தனக்குள் முழுமையானது. ஆனால் கைப்பிடி என்பது வெளியுலகத்தின் கை வந்து பற்றுகிற இடம். ஆக ஒரே பொருள் இரண்டு உலகங்களில் நிற்கிறது என்பது அவர் வாதம். எர்னஸ்ட் பிளாக் 1918இல் வெளியிட்ட 'கற்பனாவாதத்தின் ஆவி' நூலின் தொடக்கப் பகுதியில், ரைன் நதிக்கரையின் தாடிக்காரன் முகம் பதித்த மலிவான பழைய மண்குடுவை ஒன்றோடு நெடுநேரம் பேசிக்கொண்டிருக்கிறார். இவ்விருவரையும் ஒப்பிட்டு அடோர்னோ 1965இல் எழுதினார். ஹைடெக்கர் 1950இல் 'பொருள்' என்ற உரையில் இன்னும் உயரத்துக்குப் போனார். குடுவையின் சாரம் அதன் சுவரில் இல்லை, உள்ளே இருக்கிற வெறுமையில் இருக்கிறது; அந்த வெறுமை நிறைந்து வெளியே ஊற்றப்படும்போது அது கொடையாகிறது; அந்தக் கொடையில் மண்ணும் வானமும் மனிதரும் தெய்வங்களும் ஒன்றுகூடுகிறார்கள்.

படிக்க ரொம்ப நன்றாக இருக்கிறது. தென்காசிப் பக்கத்து டீக்கடை வாசலில் நின்று இதைப் படித்தால் கொஞ்சம் தொண்டையில் சிக்கும். ஊற்றுவதெல்லாம் கொடையாகிவிடுமா? மேல்கை ஊற்ற, கீழே குவிந்த இரண்டு கைகளில் வாங்கிக் குனிந்து குடித்த ஒரு ஜனத்திடம் 'ஊற்றுதலில் நால்வகையும் கூடுகிறது' என்று சொல்ல முடியுமா? கூடாதிருப்பதற்காகவே அல்லவா அந்த ஊற்றுதல் நடந்தது? (1933இல் நாஜிக் கட்சியில் சேர்ந்தவருக்கு யாரெல்லாம் கூடவேண்டும், கூடக்கூடாது என்பது தெரியாத விஷயமில்லை என்பதையும் சொல்லிவைக்கலாம்.)

வடிவத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். நம்முடைய செம்புக்குக் கைப்பிடி கிடையாது. கழுத்தைப் பிடித்துத் தூக்குகிறோம். விளிம்பு வெளிப்பக்கமாக மடிந்திருக்கும். அண்ணாந்து, உதட்டில் படாமல் ஊற்றிக் குடிப்பதற்கு அந்த மடிப்பு தோதானது. தண்ணீர் சுவரோடு வழியாமல் ஒரே தாரையாக விழும். 'ஏல, எச்சி பண்ணாத, தூக்கிக் குடி' என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடங்களில் இதுவும் ஒன்று. உதட்டுக்கும் உலோகத்துக்கும் நடுவே நாலு விரல் இடைவெளியைப் பழக்குகிற கல்வி இது. இந்த நாலு விரல் வீட்டுக்குள் சுத்தம், தெருவில் அது நாலு அடி ஆகும், ஊருக்கு வெளியே நாற்பது அடி. எச்சில் என்கிற கருத்தாக்கத்தின் மிக நுட்பமான கருவியாகச் செம்பின் விளிம்பைச் சொல்லலாம்.

கெண்டியோ இன்னும் ஒரு படி மேல். பக்கவாட்டில் நீண்ட மூக்கு இருப்பதால் பாத்திரத்தின் வாய் யார் வாய்க்கும் பக்கத்தில் போகவேண்டியதில்லை. மலையாளத்தில் கிண்டி. செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யத்தில் இருந்த ஊர். ஆகவே இந்தப் பக்கத்து வீடுகளில் கிண்டியும் செம்பும் ஒரே பரணில் கிடந்ததில் ஆச்சரியமில்லை. இதே சொல்தான் கடல் தாண்டி மலாய் மொழியிலும் 'கெண்டி'யாக வழங்குகிறது. வட்டாரப் பெருமை பேசுகிறவர்களுக்கு இது உதவும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது, தூரத்தை வடிவமாக வார்த்த திறமை.

கூஜா மூன்றாவது. பாரசீகத்துக் 'கூஸா' நம்மிடம் வந்து கூஜாவானது. திருகு மூடியும் மேலே பிடியும் வைத்துக்கொண்டு அது ரயிலேறியது. திருநெல்வேலி - செங்கோட்டை ரயில் பாதை 1903இல் முழுமையானது, அடுத்த ஆண்டு மலைக்கு அந்தப்பக்கம் கொல்லம்வரை இணைந்தது. ரயில் பெட்டி எல்லாரையும் ஒரே பலகையில் உட்காரவைத்துவிட்டது. சாதிக்கு இது பெரிய அதிர்ச்சி. இந்த அதிர்ச்சிக்குத் தொழில்நுட்பம் கண்ட பதில்களில் ஒன்றுதான் திருகு மூடி. வீட்டுக் கிணற்றை மூடி போட்டுக் கையோடு தூக்கிக்கொண்டு போவது. வசதியுள்ளவர்கள் தூக்கவில்லை, கூடப்போன ஆள் தூக்கினார். அதனால்தான் தமிழில் 'கூஜா தூக்கி' என்பது வசவுச் சொல்லாக நிலைத்தது. அலமாரியில் கூஜா வைத்திருக்கிற முற்போக்கு நண்பர்கள் மேடையில் எதிராளியைக் கூஜா தூக்கி என்று திட்டுவதைக் கேட்டிருக்கிறேன். மொழி ஞாபகம் வைத்திருக்கிறது, அலமாரி வைத்திருக்கவில்லை.

தண்ணீர்ப் பானை ஒரு கட்சியையே பிளந்த கதை நம் பக்கத்திலேயே நடந்தது. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலம் தேசியக் கல்விக்காக எழுந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரம் கொடுத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு தனி, தண்ணீர் தனி என்ற செய்தி வெளியே வந்தது. தனியாக வைத்த பானையில் தண்ணீர் எடுத்துக் குடித்த ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகனுக்கு அடி விழுந்தது என்பது இயக்க வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்லும் சம்பவம். வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் 1924, 25இல் இதைப் பெரும் பிரச்சினையாக்கினார்கள். 1925 ஜூனில் ஐயர் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து பெரியார் வெளியேறினார். வகுப்புரிமை தீர்மானந்தான் வெளியேற்றத்துக்கு உடனடிக் காரணம் என்றாலும், அந்தப் பானை வழி நெடுக அவர்கூடவே வந்திருக்கிறது.

சேகரிப்பாளர்களின் இன்னொரு மோகம் மண். காருக்குறிச்சி மண்பாண்டத்தை இயற்கை, எளிமை, ஆதி வடிவம் என்று கொண்டாடுகிறார்கள். வேளாரின் கைத்திறனில் எனக்கும் சந்தேகமில்லை. ஆனால் 1930 டிசம்பரில் ராமநாதபுரத்துப் பகுதியில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். அவற்றில் ஒன்று, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது என்பது. மறு வருஷம் தடைகள் பதினொன்றாயின; பெண்கள் செம்பு, பித்தளைக் குடத்தில் தண்ணீர் எடுக்கக்கூடாது, மண்பானைதான், சும்மாட்டுக்குத் துணி கூடாது, வைக்கோல்தான் என்று அது சும்மாடுவரை இறங்கியது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. ஹட்டன் தன் சாதி பற்றிய நூலில் இதைப் பட்டியலிட்டிருக்கிறார். ஆகவே மண்பானையின் எளிமை சிலருக்கு ருசி, சிலருக்கு உத்தரவு. ஒரு பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவில் நடப்பது நம் ஊரில் கலகமாக இருந்திருக்கிறது. அந்தக் குடம் எந்த டிசைன் வரலாற்றில் வரும்?

இங்கேதான் ஈம்ஸ் தம்பதிகளைப் பற்றிச் சொல்லவேண்டும். நவீனத்துவ வடிவமைப்பின் பெரிய பெயர்கள், நாற்காலிகளுக்குப் புகழ்பெற்றவர்கள். சார்லஸ் ஈம்ஸும் ரே ஈம்ஸும் இந்திய அரசின் அழைப்பில், ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு வந்து சுற்றிப்பார்த்து 1958 ஏப்ரலில் 'இந்தியா அறிக்கை' கொடுத்தார்கள். அகமதாபாத்தில் 1961இல் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட அதுவே அடிப்படை. இந்தியாவில் தாங்கள் பார்த்த பொருள்களிலேயே மிகச் சிறந்தது, மிக அழகானது லோட்டா, அதாவது நம்ம செம்பு, என்று அதில் எழுதினார்கள். எந்தத் தனி மனிதனும் அதை வடிவமைத்திருக்க முடியாது, தலைமுறைகள் சேர்ந்து செதுக்கியது என்றார்கள். அப்படி ஒருவன் வடிவமைக்க உட்கார்ந்தால் என்னென்ன யோசிக்கவேண்டும் என்று ஒரு நீண்ட பட்டியலும் போட்டார்கள். எவ்வளவு தண்ணீர், தலையிலா இடுப்பிலா கையிலா, காலியாக இருக்கும்போதும் நிறைந்திருக்கும்போதும் சாய்க்கும்போதும் எடை எங்கே நிற்கும், கழுவ வசதியா, சூடு கைக்கு ஏறுமா, கல்மேல் வைத்தால் என்ன சத்தம், வெயிலில் எப்படி மின்னும், பழைய விலைக்குப் போட்டால் என்ன கிடைக்கும், அதை வைத்திருப்பது, விற்பது, கொடுப்பது எப்படிப்பட்ட அனுபவம் என்றெல்லாம் கேட்கிறார்கள். பிரமாதமான பட்டியல். ஒரு பாத்திரத்தை இவ்வளவு மரியாதையோடு பார்த்த எழுத்து நம்மிடத்திலேயே குறைவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பட்டியலில் கையைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. கையின் அளவு என்ன, பலம் என்ன, ஆணின் கையா பெண்ணின் கையா என்று கேட்கிறார்கள். என்ன சாதிக் கை என்று கேட்கவில்லை. இந்தியாவில் செம்பைத் தொடுகிற கையைப் பற்றி முதலில் கேட்கப்படுகிற கேள்வியே அதுதான். சதாராவில் படித்த பையன் அம்பேத்கர் பள்ளிக்கூடக் குழாயைத் தானே திறக்க முடியாது, பியூன் வந்து திறந்துவிடவேண்டும், பியூன் வராத நாளில் தாகத்தோடு வீடு திரும்பவேண்டும் என்று 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் எழுதியிருக்கிறார். குழாய் நவீனமானது, வார்ப்பிரும்பு. நடுவில் ஒரு கை வேண்டியிருந்தது மட்டும் பழையது. மகாத் குளத்தில் அவர் இறங்கிக் குடித்தது 1927 மார்ச்சில். ஈம்ஸ் வந்தது அதற்கு முப்பது வருஷம் கழித்து. அறிக்கை பகவத் கீதை வரிகளோடு தொடங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அவர்களுக்கு யார் இந்தியாவைச் சுற்றிக்காட்டியிருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை. தவறு ஈம்ஸுடையது என்று முடித்துவிட முடியாது. 'தலைமுறைகள் சேர்ந்து செதுக்கிய வடிவம்' என்கிற சொல்லாடல் நம்மூர் அழகியல்வாதிகளுக்கும் வசதியாகவே இருந்தது. தலைமுறைகள் என்று சொல்லிவிட்டால் கன்னாரையும் சொல்லவேண்டாம், ஈயம் பூசுகிறவரையும் சொல்லவேண்டாம், புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த பெண்ணையும் சொல்லவேண்டாம். அலமாரியில் இருக்கிற பித்தளையை இன்றும் யார் தேய்க்கிறார்கள் என்று கேட்டால் பேச்சு மாறிவிடுகிறது.

அதே காலத்தில் டென்மார்க்கில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. ஹென்னிங் கோப்பெல் 1952இல் கியார்க் ஜென்ஸன் பட்டறைக்காக வாத்துபோல் வயிறு புடைத்த வெள்ளி ஜக்கு ஒன்றைச் செய்தார். ஆர்னே யாகோப்ஸன் 1967இல் ஸ்டெல்டன் கம்பெனிக்காகத் துருப்பிடிக்காத எஃகில் உருளை உருளையாக ஒரு வரிசையே செய்தார். உலகெங்கும் சேகரிப்பாளர்கள் ஏங்குகிற சாமான்கள் இவை. அதே உலோகத்துக்கு நம் ஊர்ப் பேர் எவர்சில்வர். நம் கல்யாணப் பந்தியில் மிளகாய்ப் பழம்போல் நெளிந்த கைப்பிடியும் குட்டை மூக்கும் வைத்த எவர்சில்வர் ஜக்கு ஓடியதும் அதே தலைமுறையில்தான். 1981இல் சேலம் உருக்காலை உற்பத்தியைத் தொடங்கியது. தமிழர்களின் உண்மையான மாடர்னிஸ்ட் ஜக்கு அதுதான் என்பேன். ஈயம் பூசவேண்டாம், புளி வேண்டாம், எல்லா வீட்டிலும் ஒரே பளபளப்பு; யார் வீட்டுச் சாமான் என்று உலோகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பித்தளை மறுக்கப்பட்டவர்களுக்கு இது சாதாரண விஷயமல்ல. பழைய பித்தளையை எடைக்குப் போட்டு எவர்சில்வர் வாங்கியவர்களை ரசனை கெட்டவர்கள் என்று இன்றைக்கு அங்கலாய்ப்பவர்கள் இதை ஒரு நிமிஷம் யோசிக்கலாம்.

ஆனால் உலோகம் மாறினால் பழக்கம் மாறிவிடாது. டீக்கடைகளில் இரட்டைக் குவளை எவர்சில்வர், கண்ணாடி என்று பிரிந்துகொண்டு தொடர்ந்தது. சிரட்டையில் ஊற்றிய இடங்களும் உண்டு.

தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் 1981 பிப்ரவரி 19இல் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊர் ரஹ்மத் நகர் ஆயிற்று. பார்லிமென்ட் அதிர்ந்தது, அரபுப் பணம் என்றார்கள், கமிஷன் என்றார்கள். பணக் கணக்கு பார்த்தவர்கள் பாத்திரக் கணக்கைப் பார்க்கவில்லை. இந்தப் பகுதியில் கடையநல்லூர், தென்காசி முஸ்லிம்கள் நெடுங்காலமாக சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போய்வந்தவர்கள்; தஞ்சோங் பகாரில் அவர்கள் குடியிருப்பே இருந்தது. திரும்பி வந்த பெட்டிகளில் எனாமல் ஜக்கும் கண்ணாடி ஜக்கும் வந்தன, இன்று சேகரிப்பாளர் தேடி அலைகிற அதே வகை. என்னுடைய அக்கறை ஜக்கின் மீதல்ல, அது வைக்கப்பட்ட விரிப்பின் மீது. தென்மாவட்ட முஸ்லிம்களிடம் சஹன் சாப்பாடு என்ற வழக்கம் உண்டு: ஒரு பெரிய தட்டைச் சுற்றி நாலைந்துபேர் உட்கார்ந்து அதிலிருந்தே சாப்பிடுவது. எச்சில் என்கிற நாலு விரல் இடைவெளியை அந்தத் தட்டு ஒரே வீச்சில் கலைத்துவிடுகிறது. முஸ்லிம் சமூகத்துக்குள் ஏற்றத்தாழ்வே இல்லை என்று நான் சொல்லவரவில்லை, அது தனியே பேசவேண்டியது. ஆனால் தலைமுறை தலைமுறையாகக் குவிந்த கையில் வாங்கிக் குடித்த ஒருவர் முதல் தடவை அந்தத் தட்டின் முன் உட்கார்ந்தபோது நிகழ்ந்ததை எந்தக் கமிஷன் அறிக்கையும் எழுதத் தெரிந்துகொள்ளவில்லை.

அதற்கப்புறம் என்ன? பிளாஸ்டிக் குடம் வந்தது, குடிநீர் பாட்டில் வந்து கூஜாவை நிரந்தரமாக அலமாரிக்கு அனுப்பியது, பேப்பர் கப் வந்து இரட்டைக் குவளையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்கியது. தூக்கி எறிகிற கப்பில் எல்லாரும் சமம், பக்கத்துப் பெஞ்சில் உட்காரலாமா என்பதுதான் பாக்கி. 2022 செப்டம்பரில் இதே தென்காசி மாவட்டத்தில், சங்கரன்கோவில் பக்கத்துப் பாஞ்சாகுளத்தில், கடைக்கு மிட்டாய் வாங்கவந்த தலித் குழந்தைகளிடம் ஊர்க் கட்டுப்பாடு, கொடுக்கமாட்டோம் என்று கடைக்காரர் சொன்ன காட்சி செல்போனில் ஊரெல்லாம் ஓடியது. அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயல் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்தது தெரியவந்தது.

அகமதாபாத்தில் சுரேந்திர படேல் 1981இல், அதே மீனாட்சிபுரம் ஆண்டில், விஷாலா உணவகத்தை ஒட்டி வேச்சார் பாத்திர அருங்காட்சியகத்தை அமைத்தார். ஆயிரக்கணக்கான பாத்திரங்கள், வடிவம், உலோகம், ஊர்வாரியாக. அப்படி ஒன்று இங்கே வரவேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். குற்றாலத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கவே இருக்கிறது, ஒரு அறை ஒதுக்கினால் போதும். வரட்டும். ஆனால் சீட்டில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை போடவேண்டியிருக்கும். 'கூஜா, பித்தளை, 20ஆம் நூற்றாண்டு' என்று எழுதுவதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை, கடைக்காரரே எழுதிவிடுவார்.

சீட்டு எழுத வேண்டியவர்களுக்கு உதவி பாத்திரத்திலேயே இருக்கிறது. நம் பாத்திரங்களில் பேர் வெட்டுகிற வழக்கம் உண்டு. புள்ளி புள்ளியாக உளி வைத்துத் தட்டியிருப்பார்கள்: தலைப்பெழுத்து, பேர், சில சமயம் ஊர், தேதி, யார் கல்யாணத்துக்கு யார் கொடுத்தது என்பது. படிப்பறிவு மறுக்கப்பட்ட வீட்டில்கூட அடுக்களையில் எழுத்து இருந்தது. ஒரு பெண்ணின் பேர் எழுத்தில் பதிந்த ஒரே இடம் அவள் கொண்டுவந்த குடமாக இருந்திருக்கிறது. சாதிப்பட்டம் சேர்த்து வெட்டியவையும் உண்டு, பட்டம் போட வழியில்லாதவர்களின் வெறும் பேரும் உண்டு. மீனாட்சிபுரத்தில் 1981க்கு முன் வாங்கிய குடத்தில் ஒரு பேர் இருக்கும், பின் வாங்கியதில் அதே ஆளுக்கு வேறு பேர் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதைவிட நல்ல சீட்டு கிடையாது.

தென்காசியில் பழைய பாத்திரம் வாங்கி விற்கிற ஒருவரிடம் இதுபோல் பேர் வெட்டிய செம்பு ஏதும் கிடைக்குமா என்று விசாரித்தேன். 'பேரு வெட்டுனதா? வந்துக்கிட்டுத்தான் இருக்கு அண்ணாச்சி. ஆனா மெட்ராஸ்காரங்க, பெங்களூர்க்காரங்க அப்படி எடுக்க மாட்டாங்க. அடுத்தவன் பேரு எதுக்குன்னுவாங்க. மிஷின்ல போட்டு நல்லா பஃப் அடிச்சு, பேர எடுத்துட்டுத்தான் வைக்கோம். அப்பதான் வெல.'